ஸ்டாட்டிக் வகுப்பு எப்போது விழிக்கிறது?

"அண்ணா, இந்தக் கன்ஸ்ட்ரக்டரை எவரும் அழைக்கவில்லை. முழு நிரலிலும் தேடிப் பார்த்துவிட்டேன். அப்படியானால் இது எப்படி ஓடியது?"

கேட்டவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத தம்பி. கன்ஸ்ட்ரக்டர் என்பது தொடக்க வேலைகளைச் செய்யும் நிரல் துண்டு. காலம் 2022 ஏப்ரல். மார்ச் முடிவில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை போயிருந்தது. காலி வீதியை ஒட்டிய எங்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் இருந்தது. அதற்கு ஊற்ற டீசல்தான் இல்லை.

சேர்வர்கள் மின்சாரத்தோடு விழுந்து மின்சாரத்தோடு எழுந்தன. பற்றுச்சீட்டு மென்பொருள் இருந்த சேர்வர் ஒரு நிமிடத்தில் தயாராகிவிடும். தரவுத்தளம் இருந்த பழைய இயந்திரமோ வட்டைச் சோதித்து எழும்ப நாலைந்து நிமிடம் எடுக்கும். அந்த இடைவெளியில் யாரோ ஒருவர் பற்றுச்சீட்டுத் திரையைத் திறந்தார். பிழை வந்தது. தரவுத்தளம் எழும்பட்டும் என்று காத்திருந்தோம். எழும்பியது. பிழை மட்டும் போகவில்லை. ஒன்பது மணிக்கு வந்த அதே பிழை பதினொரு மணிக்கும் அதே சொற்களில் வந்துகொண்டிருந்தது. தரவுத்தளத்திடம் நேரே கேட்டால் பதில் வருகிறது, வலைப்பின்னல் சரி, கடவுச்சொல் சரி. மென்பொருளை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டதும் எல்லாம் பழையபடி. மூன்று மின்வெட்டுகளில் மூன்று தடவை இதே கதை நடந்தது. நாங்களும் மூன்று தடவையும் திரும்ப ஓடவிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். புதிதாக வந்தவனுக்குத்தான் அது உறுத்தியது.

பதிவுக் கோப்பில் இருந்த பிழையின் பெயர் டைப் இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன். அமைப்புகளை வைத்திருந்த ஒரு ஸ்டாட்டிக் வகுப்பு, விழிக்கும்போதே தடுக்கி விழுந்திருந்தது.

வகுப்பு என்பது நிரலில் ஓர் அச்சு, அதிலிருந்து வார்த்தெடுப்பது ஒப்ஜெக்ட். ஒப்ஜெக்ட் ஒன்று பிறப்பது கண்ணுக்குத் தெரியும். நியூ என்று எழுதிய வரியில் அது பிறக்கிறது, கன்ஸ்ட்ரக்டர் அங்கேயே ஓடுகிறது, பிழை வந்தாலும் அந்த வரியிலேயே வருகிறது. ஸ்டாட்டிக் என்று குறித்தவை வகுப்புக்கே சொந்தம். ஆயிரம் பற்றுச்சீட்டு ஒப்ஜெக்டுகள் இருந்தாலும் 'அடுத்த இலக்கம்' என்ற ஸ்டாட்டிக் மாறி ஒன்றுதான். முழு வகுப்பையும் ஸ்டாட்டிக் ஆக்கிவிட்டால் அதிலிருந்து ஒப்ஜெக்ட் எதையும் உண்டாக்கவே முடியாது. நாங்கள் எழுதிய சி ஷார்ப் மொழியில் இந்த வசதி 2005இல் இரண்டாம் பதிப்போடு வந்தது. ஜாவாவில் வெளியே தனித்து நிற்கும் வகுப்புக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று எழுத, நிரலை இயந்திரத்துக்காக மொழிபெயர்க்கும் கொம்பைலர் விடாது. இன்னொரு வகுப்புக்குள் இருக்கும் வகுப்புக்கு எழுதலாம், ஆனால் அங்கே அதன் பொருள் வேறு: உள் வகுப்பின் ஒப்ஜெக்ட் வெளி வகுப்பின் ஒப்ஜெக்டைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதே. இரு மொழியிலும் ஒரே சொல் இருப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. நேர்முகத் தேர்வுகளில் இதைக் கேட்டுவிட்டு, கேட்டவரே தவறான பதிலை ஏற்றுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

நியூ இல்லாத இடத்தில் தொடக்க வேலையைச் செய்வது யார்? நிரலை ஓட்டும் ரன்டைம். அதனால்தான் தம்பி எவ்வளவு தேடியும் அழைத்த வரி அகப்படவில்லை. சி ஷார்ப்பில் ஸ்டாட்டிக் கன்ஸ்ட்ரக்டருக்கு பப்ளிக், பிரைவேட் போன்ற அடைமொழி கிடையாது, எதையும் உள்ளே கொடுக்கவும் முடியாது. நாம் அழைக்க முடியாத ஒன்றுக்கு எதைக் கொடுப்பது?

எப்போது அழைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜாவாவின் மொழி வரையறை இதை இறுக்கமாகச் சொல்கிறது. வகுப்பிலிருந்து ஒப்ஜெக்ட் உண்டாகும்போது, அதன் ஸ்டாட்டிக் மெதட் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் பகுதி) ஒன்று அழைக்கப்படும்போது, ஸ்டாட்டிக் மாறியில் எழுதும்போது, மாறிலி அல்லாத ஸ்டாட்டிக் மாறியைப் படிக்கும்போது வகுப்பு விழிக்கும். அதற்கு முன் அதன் தாய் வகுப்பு விழித்திருக்கும். பெயரைச் சும்மா உச்சரித்தால் போதாது. அந்த வகுப்பின் இனத்தில் ஓர் அரே, அதாவது வரிசைப் பட்டியல், உண்டாக்கினாலும் வகுப்பு தூங்கிக்கொண்டேதான் இருக்கும்.

இதை ஒரு தலைமுறையே தெரியாமல் பயன்படுத்தியிருக்கிறது. 2006இல் ஜாவா 6 வரும்வரை, தரவுத்தளத்தோடு பேசும் ஜாவா நிரல்களின் தலையில், அந்தப் பேச்சை நடத்தும் டிரைவர் வகுப்பின் பெயரை மேற்கோளுக்குள் போட்டு கிளாஸ் ஃபார்நேம் என்று அழைக்கும் வரி ஒன்று இருக்கும். அது தரும் விடையை யாரும் வாங்கி வைப்பதில்லை. அந்த வரியின் வேலை டிரைவரைத் தட்டி எழுப்புவது மட்டுமே. எழுந்த டிரைவர் விழிக்கும்போது ஓடும் தன் ஸ்டாட்டிக் தொகுதிக்குள் தன்னைப் பதிந்துகொள்ளும். நாங்கள் அந்த வரியைத் தேவாரம்போல மனப்பாடம் செய்தோம். பொருள் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

சி ஷார்ப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்டாட்டிக் கன்ஸ்ட்ரக்டரை நாமே எழுதினால், வகுப்பின் ஸ்டாட்டிக் உறுப்பு ஒன்றை முதன்முதலாகத் தொடும்போதோ முதல் ஒப்ஜெக்ட் உண்டாகும்போதோ அது ஓடும். எழுதாமல், மாறிகளுக்கு நேராகவே தொடக்க மதிப்பைக் கொடுத்தால், கொம்பைலர் அந்த வகுப்புக்கு பிஃபோர் ஃபீல்ட் இனிட் என்ற முத்திரையைக் குத்துகிறது. முத்திரை இருந்தால் ரன்டைமுக்குச் சுதந்திரம் அதிகம்: மாறியை முதலில் தொடுவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் மதிப்பைப் போடலாம். சி ஷார்ப் நிரல்களை ஓட்டும் டொட்நெட்டின் பழைய பதிப்புகள் பெரும்பாலும் முன்கூட்டியே போட்டன. 2010இல் வந்த நான்காம் பதிப்பு முடிந்தவரை தள்ளிப்போடத் தொடங்கியது. இதில் விசித்திரம், உள்ளே ஒரு வரிகூட இல்லாத வெற்று ஸ்டாட்டிக் கன்ஸ்ட்ரக்டரைச் சேர்த்தாலே முத்திரை போய்விடும், நேரம் மாறிவிடும். 'இது வெறுமையாகத்தானே இருக்கிறது' என்று துப்புரவு செய்கிற நல்ல மனிதர் ஒருவர் ஒவ்வோர் அலுவலகத்திலும் இருப்பார்.

இனி எங்கள் ஏப்ரல் பிழைக்கு வருகிறேன். டொட்நெட்டில் ஸ்டாட்டிக் கன்ஸ்ட்ரக்டர் ஒரு தடவைதான் ஓடும். அந்த ஒரு தடவையில் அது எக்ஸெப்ஷனோடு, அதாவது பிழையோடு, முடிந்தால், ரன்டைம் மறுபடி முயல்வதில்லை. வகுப்பு கெட்டுப்போனது என்று குறித்து வைத்துக்கொண்டு, பிறகு யார் தொட்டாலும் அதே பிழையைத் திருப்பிக் கொடுக்கிறது. செயல்முறை முடியும்வரை இதுதான் நிலை. ஜாவாவும் இப்படித்தான், ஆனால் அதன் பேச்சு இன்னும் குழப்பமானது. முதல் தடவை எக்ஸெப்ஷன் இன் இனிஷியலைசர் எரர் வரும், உண்மைக் காரணம் அதற்குள் இருக்கும். இரண்டாம் தடவையிலிருந்து நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர் வரும். அந்தப் பெயரைப் பார்ப்பவர் கோப்பு ஏதோ விடுபட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். கோப்பு அங்கேயே இருக்கும். காலையில் ஒரே ஒரு தடவை வந்த முதல் பிழை, பின்னால் வந்த பல்லாயிரம் வரிகளுக்கு அடியில் புதைந்து கிடக்கும். ஆகவே பதிவுக் கோப்பை மேலிருந்து படிக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் அடியிலிருந்து படித்துக்கொண்டிருந்தோம்.

உயர்தரத்தில் ஐ.சி.ரி. படித்தவர்களுக்குப் பைத்தன் தெரிந்திருக்கும். அங்கே இந்த இடத்தில் நிற்பது மொடியூல் எனும் நிரல் கோப்பு. அதை இன்னொரு கோப்பு உள்ளே எடுப்பது இம்போர்ட். முதல் இம்போர்ட்டில் மொடியூலின் வரிகள் ஓடுகின்றன, அடுத்த இம்போர்ட்டுகளுக்கு அதே பிரதி கிடைக்கிறது. ஆனால் முதல் ஓட்டம் பிழையில் முடிந்தால் பைத்தன் அந்த மொடியூலைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. அடுத்த இம்போர்ட் புதிதாக முயலும். இரண்டாம் வாய்ப்பு கொடுக்கும் மொழி, கொடுக்காத மொழி என்று பிரித்தால் ஜாவாவும் சி ஷார்ப்பும் கொடுக்காத பக்கம். அதற்கு நியாயம் இருக்கிறது. பாதி ஓடிய தொடக்க வேலையைத் திரும்ப ஓடவிட்டால், முதல் பாதி செய்துவைத்தவை என்னவாகும் என்று எவருக்கும் தெரியாது.

அடுத்தது வரிசை. ஒரே வகுப்புக்குள் ஸ்டாட்டிக் மாறிகள் எழுதிய வரிசையில்தான் மதிப்புப் பெறும். முதல் வரியில் 'மொத்தம் = விலை + 1', இரண்டாம் வரியில் 'விலை = 5' என்று சி ஷார்ப்பில் எழுதினால் மொத்தம் 6 ஆகாது, 1 ஆகும். மொத்தத்தைக் கணக்கிடும் நேரத்தில் விலை இன்னும் பூச்சியம். ஜாவாவின் கொம்பைலர் இந்த நேரடி வடிவத்தை ஏற்காது. ஆனால் இடையில் ஒரு மெதட்டை வைத்து அதன் வழியாக விலையைப் படித்தால் பேசாமல் ஏற்றுக்கொள்ளும், விடையும் 1 என்றே வரும். வரிகளை அகர வரிசைப்படி அடுக்கி அழகுபார்க்கும் கருவிகளை நான் நம்பாததற்கு இது ஒரு காரணம்.

இரண்டு வகுப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை. பட்டியல் என்ற வகுப்பில் தொகை என்ற ஸ்டாட்டிக் மாறி. அது கட்டண வகுப்பின் அடிப்படையோடு 10 கூட்டியது. கட்டண வகுப்பில் அடிப்படை. அது பட்டியலின் தொகையோடு 100 கூட்டியது. தாளில் எழுதினால் இதற்கு விடையே இல்லை. கணினியோ கூசாமல் விடை தரும். பட்டியலை முதலில் தொட்டால் அதன் தொடக்கம் ஆரம்பிக்கிறது, தொகை இன்னும் பூச்சியம், கட்டணம் தேவைப்படுகிறது. கட்டணம் விழித்துப் பட்டியலைப் பார்க்கிறது. அது ஏற்கெனவே விழித்துக்கொண்டிருக்கிறது, விழிக்கச் செய்பவரும் இதே திரெட் (நிரலின் ஓட்ட இழை) என்பதால் ரன்டைம் தடுக்காமல் விட்டுவிடுகிறது. ஆகவே அடிப்படை 0 + 100 = 100, திரும்பி வந்தால் தொகை 110. கட்டணத்தை முதலில் தொட்டிருந்தால் தொகை 10, அடிப்படை 110. பயனர் காலையில் எந்தத் திரையை முதலில் திறந்தார் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். எச்சரிக்கை ஒன்றும் வராது. இப்படிப்பட்ட பிழை சோதனை இயந்திரத்தில் ஒருநாளும் அகப்படாது. அங்கே நாம் எப்போதும் ஒரே திரையைத்தானே முதலில் திறக்கிறோம்.

இதையே இரண்டு திரெட்டுகள் செய்தால்? ஜாவாவில் ஒன்று பட்டியலையும் மற்றது கட்டணத்தையும் எழுப்பத் தொடங்கி, பிறகு மற்றவரின் வகுப்புக்காகக் காத்து நிற்கும். இருவரும் இன்றுவரை நின்றுகொண்டிருப்பார்கள். அந்தப் பூட்டுகள் ரன்டைமின் உள்ளே இருப்பதால், வழக்கமான முட்டுக்கட்டைகளைக் காட்டும் கருவிகள் இதைத் தெளிவாகக் காட்டுவதில்லை. டொட்நெட்டின் அடிப்படையான எக்மா 335 தரநிலை வேறு வழியைத் தெரிந்தெடுத்தது: தொடக்க வேலை மட்டுமே காரணமாக முட்டுக்கட்டை வரக்கூடாது. ஆகவே வட்டத்தைக் கண்டால் ரன்டைம் ஒருவரை உள்ளே விட்டுவிடும்; அவர் அரைகுறை மதிப்பைப் பார்ப்பார். உறைந்து நிற்பது நல்லதா, தவறான எண்ணோடு ஓடுவது நல்லதா? பணக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு உறைந்து நிற்பதே மேல். நின்றுபோன மென்பொருளுக்கு வாடிக்கையாளர் உடனே தொலைபேசி எடுப்பார். தவறான எண் கணக்காய்வில்தான் தெரியும்.

சி பிளஸ் பிளஸ் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வெவ்வேறு கோப்புகளில் இருக்கும் ஸ்டாட்டிக் மாறிகளில் எது முதலில் என்பதை அந்த மொழி பொதுவாக உறுதிசெய்வதில்லை. இந்தச் சிக்கலுக்கு அந்த உலகில் ஃபியாஸ்கோ, அதாவது படுதோல்வி, என்றே பெயர். மெதட்டுக்குள் ஸ்டாட்டிக் மாறியை வைத்து முதல் அழைப்பில் உண்டாக்குவது அங்கே வழக்கமான மருந்து. 2011ஆம் ஆண்டுத் தரநிலை அதைத் திரெட்டுகளுக்கும் பாதுகாப்பாக்கியது.

ஜாவாவில் இதற்கு ஒப்பான அழகிய வழி உண்டு. பெரிய வகுப்புக்குள் ஒரு சிறிய ஸ்டாட்டிக் வகுப்பை வைத்து, அதற்குள் ஒரே ஒரு மாறியை வைப்பது. பெரியது விழித்தாலும் சிறியது விழிக்காது. அதைத் தொடும் முதல் ஆளுக்காக மட்டுமே விழிக்கும், ஒரே ஒரு தடவை விழிக்கும், பூட்டுப் போடும் வேலையை ரன்டைம் இலவசமாகச் செய்கிறது. 2004இல் ஜாவா 5 நினைவக விதிகளைத் திருத்தும்வரை, கையால் இரு முறை சோதித்துப் பூட்டுப் போட்டவர்களின் நிரல்கள் உண்மையில் பாதுகாப்பற்றவையாக இருந்தன. இந்தச் சிறு வகுப்பு வழியோ அப்போதும் சரியாகவே வேலை செய்தது.

விழிக்காமலே போகும் வகுப்புகளும் இருக்கின்றன, நம் ஊரில் அவற்றால் பட்டவர்கள் பலர். ஜாவாவில் ஸ்டாட்டிக் ஃபைனல் என்று ஓர் எண்ணை நேராக எழுதினாலோ, சி ஷார்ப்பில் கொன்ஸ்ட் என்று எழுதினாலோ, கொம்பைலர் அந்த எண்ணைப் பயன்படுத்தும் இடத்திலேயே ஒட்டிவிடுகிறது. ஓடும் நேரத்தில் அந்த எண்ணுக்காக மூல வகுப்பை யாரும் தொடுவதில்லை. பெறுமதி சேர் வரியை, நாம் வற் என்று சொல்வதை, இப்படி மாறிலியாக எழுதியவர்கள் உண்டு. 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 ஆனது. 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. வரி வகுப்பு இருக்கும் கோப்பில் 15ஐ 18 ஆக்கி, அந்தக் கோப்பை மட்டும் புதிதாகக் கொம்பைல் செய்து சேர்வரில் போட்டால், பற்றுச்சீட்டு அடிக்கும் கோப்புக்குள் பழைய 15 ஒட்டியபடியே இருக்கும். திரையில் 18 என்று எழுதியிருக்கும், கணக்கு 15இல் நடக்கும். மாறிலிக்குப் பதிலாக, ஓடும் நேரத்தில் மதிப்புப் பெறும் ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி மாறியாக இருந்தால் சி ஷார்ப்பில் இது நடக்காது.

நேரமும் அப்படித்தான். கிரீனிச் நேரத்திலிருந்து ஐந்தரை மணி முன்னால் இருந்த இலங்கை, 1996 மே மாதம் ஆறரைக்கும் அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறுக்கும் போய், 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. நாட்டின் மணிக்கூடே மாறிலியாக இல்லாத இடத்தில் எதை மாறிலி என்று எழுதுவது?

இதற்கு மறுபக்கமும் ஒன்று. எங்கள் நிரலிலேயே 'இன்று' என்ற ஸ்டாட்டிக் மாறி ஒன்று இருந்தது, தொடக்கத்தில் அன்றைய திகதியை வாங்கி வைத்திருந்தது. மின்வெட்டுக் காலத்தில் சேர்வர் தினமும் விழுந்து எழுந்ததால் அது என்றும் சரியாகவே இருந்தது. மின்சாரம் சீரான பிறகு, சேர்வர் நிற்காமல் ஒன்பது நாள் ஓடியபோது, ஒன்பது நாள் பற்றுச்சீட்டுகளிலும் ஒரே திகதி.

ஏப்ரல் பிழையை நாங்கள் முதலில் திருத்திய விதத்தைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான். ஸ்டாட்டிக் கன்ஸ்ட்ரக்டரைத் தூக்கிவிட்டு, டொட்நெட்டின் லேசி (சோம்பேறி) என்ற வகுப்பைப் போட்டோம். கேட்கும்போது மட்டும் உண்டாக்கும், திரெட்டுகளுக்குப் பாதுகாப்பு, பெயரும் நம் குணத்துக்குப் பொருத்தம். அடுத்த மின்வெட்டில் பிழை அப்படியே வந்து நின்றது. உண்டாக்கும் மெதட்டை நாமே கொடுத்தால், லேசி தன் இயல்பு நிலையில் எக்ஸெப்ஷனையும் நினைவில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கெல்லாம் அதையே கொடுக்கிறது. பப்ளிகேஷன் ஒன்லி என்ற நிலையைத் தெரிந்தெடுத்தால் வைத்துக்கொள்ளாது, ஆனால் அப்போது பல திரெட்டுகள் ஒரே வேலையை ஒருங்கே செய்யக்கூடும்.

கடைசியில் தரவுத்தளத்தை ஸ்டாட்டிக்கிலிருந்து முற்றாக வெளியே எடுத்தோம். மென்பொருள் தொடங்கும்போது சாதாரண ஒப்ஜெக்ட் ஒன்று அமைப்புகளை வாசிக்கிறது. கிடைக்காவிட்டால் பத்து செக்கன் பொறுத்து மீண்டும் கேட்கிறது. கிடைக்கும்வரை வெளியாருக்குக் கதவு திறப்பதில்லை. தேவைப்படும் வகுப்புகளுக்கு அந்த ஒப்ஜெக்டைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுக்கிறோம். நாற்பது கோப்புகளைத் தொட வேண்டியிருந்தது. இரண்டு வாரம் போனது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதென்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. திங்கள் காலை பதிவுக் கோப்பைத் திறந்தேன். 'தரவுத்தளம் இல்லை, பத்து செக்கனில் மீண்டும்' என்ற வரி 26 தடவை இருந்தது. அதற்குக் கீழே 'அமைப்புகள் வாசிக்கப்பட்டன'. அவ்வளவுதான்.

அந்தத் தம்பி இப்போது மெல்பேர்னில். திரையைப் படமெடுத்து அனுப்பினேன். அரை மணிநேரத்தில் பதில் வந்தது: "அண்ணா, ஸ்டாட்டிக்கில் இன்னும் என்ன மிச்சம்?"

மாதப் பெயர்கள் மட்டும், மூன்று மொழியிலும், என்று எழுதினேன்.